பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய கோழிகள்

பாலவாக்கத்தில் மனை வாங்கியிருக்கும் செய்தியை என் கணவர் என்னிடம் சொன்ன இடம், மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு காய்கறிக் கடை வாசல். கடைக்காரர் எதிரில் நான் சண்டை போட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். கிணறு இருக்கிறது, தென்னை இருக்கிறது, ஓட்டு வீடு ஒன்று ஏற்கெனவே கட்டியே இருக்கிறது, கடல் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒடித்த வேகத்தில் பிஞ்சு எது, முற்றல் எது என்று பார்த்ததாக நினைவில்லை.

மனை என்றால் என்றைக்கோ ஒருநாள் வீடு கட்டுவோம், அவ்வளவுதானே என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன். அவர் மனத்தில் இருந்தது வேறு. ஆடு, கோழி, காய்கறித் தோட்டம், அதற்குள் நாங்கள். வங்கியில் வேலை பார்க்கிற மனுஷர். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் தலைமுறை தலைமுறையாக வளர்த்தது என்று பார்த்தால் ஒரு துளசிச் செடிதான். அதுவும் என் மாமியார் வீட்டில் அடிக்கடி வாடிப்போகும்.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டேன். போய் இருந்து பார்ப்பது. தை பிறந்ததும் முடிவெடுப்பது. அதுவரை மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த மாடி போர்ஷனை வேறு யாருக்கும் விடுவதில்லை என்று வீட்டுக்கார மாமி வாக்குக் கொடுத்தாள். சாவி என் கைப்பையில் இருந்தது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடமும் என் மகள் படித்த பள்ளிக்கூடமும் மயிலாப்பூரில்தான். காலையில் இரண்டு பேரும் பஸ் பிடித்து, அடையாற்றில் மாறி, நசுங்கிப் போய் இறங்குவோம். இறங்கியதும் பைக்குள் கை விட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்ப்பேன். திரும்பி வந்துவிடப் போகிறோம் என்பதில் எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை.

முதலில் வந்தது ஒரு கறுப்பு வெள்ளாடு. புல்லைத் தின்னும், பாலும் கொடுக்கும் என்றார். அது புல்லைத் தவிர மற்றதெல்லாம் தின்றது. செம்பருத்தியைத் தின்றது, கொடியில் காய்ந்த என் ரவிக்கையின் கையைத் தின்றது. வெயில் ஏறியதும் அவருடைய ஸ்கூட்டர் மேல் தாவி ஏறி உட்கார்ந்துகொள்ளும். சீட்டு கிழிந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது. அவரோ, "பாரேன், என்ன சமத்தா உக்காந்துண்டிருக்கு" என்றார். மயிலாப்பூரில் இருந்தவரை ஆபீசிலிருந்து வந்தால் பேப்பருக்குப் பின்னால் போய்விடுவார். நான் கேட்டதற்கு 'ம்' வந்தால் அதிகம். இங்கே அதே மனுஷர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டோடு சாயங்காலம் முழுக்க உலக விஷயம் பேசினார். அவர் சந்தோஷமாக இருந்தார். எனக்கு அந்த ஆட்டின் மேல் பொறாமையாக இருந்தது.

அடுத்தது கோழி. வீட்டைச் சுற்றிப் பூரான், தேள், கறையான் எல்லாம் சௌக்கியமாக வாழ்ந்துகொண்டிருந்தன. கோழி வளர்த்தால் எல்லாவற்றையும் பொறுக்கித் தின்றுவிடும் என்று ஆபீசில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். முட்டையை நாம் சாப்பிட வேண்டாம், அக்கம்பக்கத்தில் விற்றுவிடலாம் என்றார். விஷயம் தெரிந்து மயிலாப்பூரிலிருந்து என் நாத்தனார், ஆத்துல கோழியா என்று கேட்டு இரண்டு வாரம் பேசாமல் இருந்தாள். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் கோழிக்குச் சம்மதித்தேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனோம். கொஞ்சம் வளர்ந்து இறகு முளைத்த குஞ்சுகளைக் கூடை கூடையாக வைத்திருந்தார்கள். எங்கள் இருவருக்கும் கோழியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பொறுக்குவது எப்படி என்று எனக்கா தெரியாது? மாட வீதியில் கத்தரிக்காய் பொறுக்கிப் பழகிய கை. சோப்ளாங்கியாக இருந்ததைத் தள்ளினேன். நிறம் மங்கியதைத் தள்ளினேன். ஓரமாக ஒடுங்கி நின்றதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கொண்டை சிவந்து, இறகு பளபளவென்று, மற்றதையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்ததாகப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். பத்துப் பன்னிரண்டு தேறின. வியாபாரி வாயைத் திறக்கவில்லை. சிரித்த மாதிரி இருந்தது, மரியாதைக்குச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வரும் வழியெல்லாம் என் கணவர் என் சாமர்த்தியத்தைப் புகழ்ந்துகொண்டே வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு புகழ்ந்ததில்லை.

குஞ்சுகளும் எங்களை ஏமாற்றவில்லை. என்ன வளர்த்தி, என்ன மினுக்கு! பூரான் ஒன்று மிச்சமில்லை. வால் இறகு மயில்கழுத்து நிறத்தில் வளைந்து தொங்கியது. என் மகள் அதில் வெள்ளை வால் உள்ள ஒன்றைத் தன்னுடையது என்று பிரித்துக்கொண்டாள். அது அவள் பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து, பஸ் கிளம்பிய பிறகு தனியாகத் திரும்பிப் போகும். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாள் இருந்தாள். புருஷன் கட்டுமரத்தில் போகிறவர், அவள் மீன் விற்கிறவள், எங்கள் வாசலில் மட்டும் கூடையை இறக்காமல் நின்று பேசிவிட்டுப் போவாள். முதல் முட்டை தனக்குத்தான் என்று சொல்லி வைத்திருந்தாள். நாங்களும் வைக்கோல் போட்டு, பானையைச் சாய்த்து வைத்து, முட்டையிட வசதி செய்துவிட்டுக் காத்திருந்தோம். ஒருநாள் விடியற்காலை ஒன்று கூவியது. அட, நம்மிடம் ஒரு சேவலும் இருக்கிறது என்று இவர் பெருமைப்பட்டார். மறுநாள் இரண்டு கூவின. அந்த வாரக் கடைசியில் எல்லாமே கூவின.

அந்த அம்மாள் வேலிக்கு வெளியே நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, அத்தினியும் சேவலா கீது. ஒரு பொட்டக்கோழிகூட வாணாம்னு சொல்லியா வாங்கினு வந்தீங்க?"

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? பிறகு ரொம்ப அக்கறையாக, வேண்டாமென்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒவ்வொன்றாகத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். என் மகள் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. அத்தனை சேவலும் ஒன்றையொன்று பார்த்தால் சண்டை. பிரித்துப் பிரித்துக் கூடை போட்டுக் கவிழ்த்து வைத்ததில் கூடத்தில் காலை வைக்க இடமில்லை. விடிந்தால்தான் கூவும் என்பதெல்லாம் சும்மா. சாப்பிடும்போது கூவின, போன் வந்தால் கூவின. மகள் பரீட்சைக்குப் படிக்கக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள், அந்தப் பஞ்சும் ஸ்கூட்டர் சீட்டிலிருந்து எடுத்தது. இதற்கு நடுவில் மார்கழி வந்துவிட்டது. மயிலாப்பூரில் எங்கள் போர்ஷனிலிருந்து இறங்கி நடந்தால் கச்சேரி. விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் ஒரு சீசனைத் தவறவிட்டதில்லை. இப்போது கச்சேரி முடிந்து பாலவாக்கத்துக்குப் பஸ் கிடைக்குமா என்று பயந்து, ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. ஒரு சாயங்காலம் ரேடியோவில் அருமையான ஆலாபனை. அதன் குறுக்கே ஒன்று கூவியது. நான் ரேடியோவை அணைத்துவிட்டு அழுதேன். தை பிறக்கட்டும், ஒரு நாள்கூட இங்கே இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சேவல்களை என்ன பண்ணலாம் என்று மட்டும் கேட்டார்.

வழி கண்டுபிடித்தது நான்தான். முருகன் கோயிலுக்குச் சேவல் நேர்ந்து விடுவது உண்டல்லவா? சின்ன வயதில் ஒரு மலைக்கோயிலில் பார்த்திருக்கிறேன், படியெல்லாம் சேவல்கள் ஒரு பயமும் இல்லாமல் உலாத்திக்கொண்டிருக்கும். ரிடையர் ஆகிப் பென்ஷன் வாங்குகிறவர்கள் காலையில் நடப்பது போல. நம் சேவல்களும் சுவாமி சந்நிதியில் ஆயுசுக்கும் சௌக்கியமாக இருக்கட்டும். நமக்கும் புண்ணியம். இதைவிட நல்ல முடிவு உண்டா என்று எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

அரைப் பரீட்சை லீவில் ஒரு வேன் பேசி, கூடைகளை ஏற்றிக்கொண்டு தெற்கே ஒரு முருகன் கோயிலுக்குக் கிளம்பினோம். மகள் வழி நெடுக ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கோயிலில் காணிக்கை வாங்கிக்கொள்கிறவர் கூடைகளைப் பின்கட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார். நாங்கள் தரிசனம் முடித்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதம் பிரித்தோம். அப்போது மைக்கில் அறிவித்தார்கள். காணிக்கையாக வந்த சேவல்கள் ஏலம், வேண்டியவர்கள் பின்கட்டுக்கு வரலாம்.

என் கணவர் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு இது தோன்றவே இல்லை. கோழி சாப்பிடுகிற வீட்டில் பிறந்த யாராக இருந்தாலும் முதலிலேயே கேட்டிருப்பார்கள், இத்தனை சேவலையும் கோயில் என்ன செய்யும் என்று. மூன்று பேரும் கையைக்கூடக் கழுவாமல் ஓடினோம்.

எங்கள் சேவல்களைக் காலைக் கட்டி வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். ஒன்றுகூடக் கூவவில்லை. சுற்றி நாலைந்து பேர். அதில் மெஸ் நடத்துகிறவர் போல ஒருத்தர் குனிந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். இறகை விலக்கிப் பார்த்தார், தொடையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், மெலிந்ததைத் தள்ளினார். நல்லதாக இருந்ததைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அவர்மேல் தப்பே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. கத்தரிக்காய்க் கூடைக்கு முன்னால் நான் அப்படித்தான் நிற்பேன். சந்தையில் இவற்றுக்கு முன்னாலும் அப்படித்தான் நின்றேன். அவர் கை வெள்ளை வாலிடம் வந்தபோது என் மகள் என் புடவையைப் பிடித்தாள். என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திரும்ப வாங்கிவிடலாமா என்று, தை மாதம் போய்விடப் போகிற என்னிடம் அவர் எப்படிக் கேட்பார்?

நான் கையைத் தூக்கினேன். ஏலம் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போலத் தூக்கினேன்.

"எல்லாம் எங்களுக்கு வேணும்" என்றேன். "ஒண்ணு விடாம."

மெஸ்காரர் ஒரு தடவை ஏற்றிக் கேட்டார். நான் அதற்கு மேல் கேட்டேன். இன்னொரு தடவை கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதோ பெரிய கல்யாணம் போல என்று விட்டுக்கொடுத்துவிட்டார்.

வேன் டிரைவர், காலையில் ஏற்றிய கூடைகளையே மறுபடி ஏற்றினார். "சாமிக்குக் குட்தத சாமி ரிட்டன் பண்ணிட்ச்சா சார்?" என்று கேட்டார். இவர் ஆமாம் என்று ரொம்பப் பணிவாகச் சொன்னார். மகள் வெள்ளை வாலின் கட்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஒரு கூடை கூவியது, உடனே மற்றதெல்லாம் கூவின. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவற்றின் சத்தம் அவ்வளவு சந்தோஷமாகக் காதில் விழும் என்று அன்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட மீன்காரம்மாள், மறுநாள் முந்தானையில் சுற்றித் தன் வீட்டுக் கோழிகள் இரண்டைக் கொண்டுவந்து எங்கள் மணலில் இறக்கிவிட்டாள்.

"இத்தினி மாப்பிள்ளைங்க கீறாங்க, பொண்ணு வாணாமா?"

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று சாயங்காலம், மாமி வீட்டுப் படியேறிச் சாவியைக் கொடுத்தேன். தை பிறக்க இன்னும் நாள் இருக்கே என்றாள். "சேவல் வெச்சிண்டிருக்கோம் மாமி, மாடியில கட்ட முடியாது" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் காபி கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது இவர் ஆட்டிடம் பேசிக்கொண்டிருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். பேச்சை நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பி, "சீசனுக்கு என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

"நீங்கதான் வந்து கூட்டிண்டு வரணும்."

அடுத்த மார்கழியில் கச்சேரி முடிந்து நான் வெளியே வரும்போதெல்லாம், பட்டுப் புடவைகளுக்கும் கார்களுக்கும் நடுவே அவர் ஸ்கூட்டரோடு நிற்பார். கிழிந்த சீட்டின் மேல் நான் உட்காரும் பக்கத்தில் மட்டும் துண்டை நான்காக மடித்துப் போட்டிருப்பார்.