முன்கூட்டியே கொடுத்த முடி

பெரியவளே, சின்னவனே, உங்கள் இரண்டு பேருக்கும் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். முதல்முறை ஆஸ்பத்திரிக்குப் போய், ஆபரேஷன் ஆகாமலே வீட்டுக்குத் திரும்பி வந்தேனே, அன்றைக்கு ‘டாக்டர் லீவு’ என்றேன். டாக்டர் லீவு இல்லை. நான்தான் ஓடி வந்தேன். எட்டாவது வரை படித்தவன் நான், இந்த நாலு பக்கத்தை எழுத நாலு நாள் ஆகிறது. தப்பு இருந்தால் சிரித்துக்கொண்டே படியுங்கள்.

கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் நான் கிரேன் ஓட்டியது உங்களுக்குத் தெரியும். தலைவலி வந்தபோது உலைச் சூடு என்று நினைத்து மோர் குடித்தேன். பிறகு ஒருநாள், கீழே நின்ற ஆளிடம் கொக்கியை மாட்டச் சொல்ல வாயைத் திறந்தேன். ‘கொக்கி’ என்ற வார்த்தை வரவில்லை. பதினாறு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன வார்த்தை. கையைக் காட்டிச் சமாளித்தேன். அடுத்த வாரம் வலது கை இழுத்துக்கொண்டது. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் இடது பக்கம் கட்டி. பார்த்தால் புற்றுநோய் மாதிரிதான் இருக்கிறது, எடுத்தாக வேண்டும், எடுக்கும்போது பேச்சு போனாலும் போகலாம் என்றார் டாக்டர்.

உங்கள் அம்மா அன்றைக்கே மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். நான் பிழைத்து எழுந்தால் பெரியபாளையத்து அம்மனுக்கு என் தலைமுடி, தான் வேப்பிலை கோத்த வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுவது என்று வேண்டுதல். அது பலிக்கும்வரை என் தலையில் கத்தி படக்கூடாது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில், வார்டு ஆள் முடி எடுக்கிற மெஷினோடு வந்து நின்றார்.

“தலைய காட்டுணா. அஞ்சு நிமிசம்.”

“இது சாமிக்கு நேந்துகினதுபா.”

“எல்லாரும் அத்தான் சொல்றாங்க. சாமி கோச்சிக்காதுணா, டாக்டர்தான் கோச்சிப்பாரு.”

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன். உங்கள் அம்மா மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றிருந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வெளியே நடந்தேன். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முடிக்காகத்தான் ஓடுகிறேன் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷன் முடிந்து வந்த ஒருவர் இருந்தார். தன் மனைவியிடம் விரலை நீட்டி நீட்டி எதையோ கேட்டார். “தண்ணியா? பாத்ரூமா? பையன வரச் சொல்லணுமா?” என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். எதுவும் இல்லை. கடைசியில் அவர் சுவர் பக்கம் திரும்பி அழுதார். செத்துப்போவதைப் பற்றி நான் பயந்ததைவிட அதற்குத்தான் பயந்தேன்.

நீங்கள் டியூஷனில் இருந்தபோது அம்மா வந்து சேர்ந்தாள்.

“யோவ், நீயெல்லாம் ஒரு ஆம்பளையாயா? வார்டு வார்டா உன்ன தேடிக்கினு, கடசில பொணம் வைக்கிற ரூம்ல போயி விசாரிச்சேன்யா!”

நான் தரையைப் பார்த்தபடி, “முடிய இப்பவே போயி குடுத்துடலாம்” என்றேன்.

“இன்னா பேசற நீ? கேட்டது கெடச்சப்பறம்தான் குடுப்பாங்க. மின்னாடியே குடுத்தா அது வேண்டுதலா?”

“ஆஸ்பத்திரில எடுத்தா குப்பைக்குத்தான போவும்?”

மறுநாள் காலையில் அவள் பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்றாள்.

கோயிலில் மொட்டை போடுகிறவருக்கு வயசு ஐம்பது இருக்கும். தலையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டே, “இன்னா வேண்டுதல் பலிச்சிச்சு?” என்று கேட்டார். இன்னும் பலிக்கவில்லை, இனிமேல்தான் மண்டையைத் திறக்கப் போகிறார்கள் என்றேன். கையை நிறுத்திவிட்டார்.

“ஆத்தாவுக்கே அட்வான்ஸ் குடுக்கறியா? இத்தினி வருசத்துல உன்ன மாதிரி ஒருத்தன பாத்ததில்லபா” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டு, கைக்குழந்தைக்கு எடுப்பதைப் போல மெதுவாக எடுத்தார். பேச்சுக்குத்தான் கேட்டார்: “புள்ளைங்க பேரு இன்னா?”

சின்னவனே, உன் பெயரைச் சொன்னேன். பெரியவளே, உன் பெயர் வரவில்லை. உன் முகம் தெரிகிறது, நீ பள்ளிக்கூடப் பையை ஒரே தோளில் மாட்டுவது தெரிகிறது. பெயர் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. “பொண்ணு, பொண்ணு” என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் நின்ற உங்கள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நீ சொல்லாதே என்று அவளிடம் கையைக் காட்டினேன். நானாகத் தேடி எடுக்க வேண்டும் என்று ஒரு வீம்பு.

நான் ஓடி வந்தது வீண் என்று அப்போதுதான் புரிந்தது. கத்தி படாமலே பேச்சு போய்க்கொண்டிருந்தது.

கோயிலுக்குப் போனால் செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்கிறவன் நான். அன்றைக்கு வெறும் தலையோடு உள்ளே போய் நின்றேன். கையைக்கூடக் கூப்பவில்லை. ‘குடுத்துட்டேன். இனிமே உன் பாடு’ என்று கோபமாகத்தான் சொன்னேன். அருள் எதுவும் வரவில்லை, தைரியமும் வரவில்லை. வேலை முடிந்தபிறகுதான் எதையும் வாங்கியும் கொடுத்தும் பழகியவன், முதல்முறையாக ஒன்றைக் கேட்டு, கிடைக்குமா என்று தெரியாமலே கொடுத்திருந்தேன். திரும்ப வாங்க முடியாது. அந்தப் பிடிமானம் ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில், ஏதோ நிறுத்தத்தில், பெரியவளே, உன் பெயர் தானாக வந்தது. சத்தமாகச் சொல்லிவிட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆபரேஷனில் கட்டி முழுசாகப் போகவில்லை. மறுபடி வளரலாம் என்கிறார்கள். இதையும் மறைக்க மாட்டேன்.

ஆபரேஷனுக்கு முன்னால், இரண்டாம் தடவை வார்டில் சேர்ந்த அன்று, டாக்டர் திட்டித் தீர்த்த பிறகு, அம்மா சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். நர்ஸ் மேஜையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். வலது கை சொன்னபடி கேட்கவில்லை. இடது உள்ளங்கையில் உன் பெயரையும், கீழே தம்பி பெயரையும் கோணலாக எழுதினேன். மை காயும்வரை ஊதிவிட்டு, கையை மூடிக்கொண்டேன்.