சிவப்பு நாட்டுக்கு எழுதியவன்

போலியோவில் சூம்பிய வலது காலோடு சேலையூரிலிருந்து தாம்பரம் வரை நடந்தே போய்ப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியது. இரண்டாம் தடவையில்தான், ஆனாலும் தேறியது. தமிழ் டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பு. மாவட்டக் கட்டுரைப் போட்டியில் ஒரு சில்வர் டம்ளர். எந்தச் சிபாரிசும் இல்லாமல் ராணுவப் பயிற்சி முகாமில் தற்காலிக டைப்பிஸ்ட் வேலை. தம்பி எலியேசர் ஜெயித்ததை யார் கேட்டாலும் ரத்தினபாய் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, இதே வரிசையில்தான் சொல்வாள். அவள் எட்டாவதோடு நின்றவள்.

முகாமில் தினக்கூலிக்காரர்கள் வருகைப் பதிவேட்டில் பெருவிரல் ரேகைதான் வைக்க வேண்டும். படித்தவனுக்கும் அதே மைப்பெட்டிதான். நிரந்தரமானால்தான் கையெழுத்து. மை அப்பிய விரலோடு அவன் வீடு திரும்பும்போதெல்லாம் ஆர்டர் வந்ததா என்று கேட்பாள். வேலையில் சேர்ந்த 1988இலிருந்து வரவில்லை.

புது ஜவான்களைச் சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியுள்ள காட்டில் கொண்டுபோய் விட்டு, போர்ப் பயிற்சி நடத்துவார்கள். இவர்கள் நீல நாடு. எதிரி சிவப்பு நாடு. எதிரி நாடு எறிவதுபோல நோட்டீஸ் எறிந்து, பையன்கள் மனம் கலங்குகிறதா என்று பார்ப்பதும் பயிற்சியில் ஒரு பகுதி. அந்த நோட்டீஸைத் தமிழில் எழுதும் வேலை எலியேசருக்கு வந்தது. ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டிய ஒவ்வொரு நோட்டீஸிலும் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவருவான். ரத்தினபாய் பின்னால் தேதி போட்டு பிஸ்கட் டின்னில் அடுக்குவாள்.

முதல் நோட்டீஸ், ஆபீசருக்குக் கோழி, உனக்குக் கஞ்சி என்று ஆரம்பித்தது. ஜவான்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள். சுபேதார் வேதாசலம் அவனைக் கூப்பிட்டார்.

“இன்னா எலியேசரு, எலெக்சன் நோட்டீசாட்டம் கீது? படிச்சா வயித்தப் பெசையணும்பா. இது நல்லா வந்துச்சுனா உன் ஆர்டருக்கு நானே கேப்டன்கிட்ட சொல்றேன்.”

அந்த வாரம்தான் குப்புராஜ் என்ற ஜவானுக்கு அவன் லீவு மனு எழுதிக் கொடுத்திருந்தான். மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறாள் குப்புராஜின் தாய். வேறு பிள்ளை இல்லை. லீவு கிடைக்கவில்லை.

இரண்டாவது நோட்டீஸை எலியேசர் வீட்டில் வாசித்துக் காட்டினான். ‘நீல நாட்டு வீரனே, இடுப்பு ஒடிந்து கிடக்கும் உன் தாய்க்கு ஒரு வாய் தண்ணீர் மொண்டு கொடுக்க யார் இருக்கிறார்கள்? துப்பாக்கியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ.’ வாசித்துவிட்டு, இது ஒரு பையனுடைய சொந்தக் கஷ்டம், அடித்துவிடலாமா என்று கேட்டான். ரத்தினபாய்க்குக் கண் நிறைந்திருந்தது.

“பேரா போட்டிருக்க? அந்த வரிதான்டா நிக்குது. எடுக்காத தம்பி.”

அவன் எடுக்கவில்லை.

நோட்டீஸைக் காட்டில் எறிந்த மறுநாள் காலை குப்புராஜ் தன் துப்பாக்கியை ஒரு மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு ரயிலேறினான். மூன்றாம் நாள் அவனை ஊரிலேயே பிடித்தார்கள். அப்போது அவன் தாய்க்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தானாம். சட்டைப் பையில் நோட்டீஸ் இருந்தது. ஊரில் யாரோ அம்மா கிடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று அவன் விசாரணையில் சொல்ல, யாரும் நம்பவில்லை. எல்லாருக்கும் பொதுவாக எழுதியது, எழுதியவர் யாரென்று குறிப்பில்லை என்று கேப்டன் சொல்லிவிட்டார்.

குப்புராஜின் லீவு மனுவிலிருந்தே எடுத்து எழுதியது என்று தெரிந்தால் பையனின் தண்டனை குறையலாம். அதைச் சொல்லக்கூடியவன் எலியேசர் ஒருவன்தான். வேதாசலம் வீடு தேடி வந்தார். ஆர்டர் டைப் ஆகி மேசையில் இருக்கிறது, பதினைந்து நாள் வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். ரத்தினபாயும் அதையே சொன்னாள்.

“அந்த வரிய நான் எடுக்கறேன்னேன். நீ வேணாம்ன” என்றான் எலியேசர். அதைக் கோபமில்லாமல்தான் சொன்னான்.

அன்று ராத்திரி, மனுவிலிருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டு அவன் எழுதிய வாக்குமூலத்தை அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள். கேப்டன் பெயரோ சுபேதார் பெயரோ அதில் இல்லை.

“கையெழுத்த இனிஷியலோட முழுசாப் போடு” என்றாள்.

அதனால் ஒன்றும் ஆகவில்லை. காகிதத்தை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார்கள். குப்புராஜுக்கு மூன்று மாதச் சிறை, அதன்பின் வேலை நீக்கம். அவன் உள்ளே இருக்கும்போதே தாய் போய்விட்டாள். எலியேசரை மறுநாளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது கீழ்க்கட்டளையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மற்றவர்கள் எழுதிக் கொடுப்பதை டைப் அடிக்கிறான். சொந்தமாக ஒரு வரி எழுதுவதில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு இரண்டு வரி கேட்டாலும் மாட்டேன் என்று தலையாட்டி விடுகிறான்.

பிஸ்கட் டின்னில் கடைசியாக இருப்பது அந்தக் காகிதத்தின் கார்பன் நகல். முகாமுக்கு அவன் ரேகை வைக்காமல் கொடுத்த ஒரே காகிதம் அது. ரத்தினபாய் அதன் பின்னால் தேதி போடவில்லை. கையெழுத்துக்குக் கீழே அவனே போட்டிருந்தான்: சா. எலியேசர், 12.10.1990.