எந்தக் கைக்கு எந்தப் பலகை

தொண்ணூறுகள் முடிகிற நேரம். கல்முனையில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் மிகக் குறைவு. என் வீடும் அவற்றில் ஒன்று. வீடு நான் மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது, நானும் அவர்களோடுதான் இருந்தேன். கம்ப்யூட்டர் மருமகன் வேலை செய்த அச்சகத்துக்குச் சொந்தம். அச்சகத்தில் கடதாசித் தூசி படிகிறது என்று முதலாளி அதை எங்கள் முன்னறையில் வைத்துவிட்டார். மருமகன் அதில் கலியாணக் கார்டுகளுக்குப் பூவும் கொடியும் கீறுவார். கீறுவது மௌஸைப் பிடித்து. அம்மிக் குழவியைப் பிடித்துக்கொண்டு பூக் கீறுவது போல, பார்க்கிற எனக்கே கை வலிக்கும்.

எங்கள் பக்கத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன், அவள் போய்ச் சொல்வாள். கலியாணம் முடிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

மருமகன் இடது கைக்காரர். அது எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார். சின்ன வயதில் அந்தக் கையால் எழுதியதற்கு அடி வாங்கினவராம், மகள்தான் சொன்னாள். மாமி வீட்டிலும் குறை சொல்வார்கள் என்று பயம். நான் வருவது தெரிந்தால் பென்சில் சட்டென்று வலது கைக்கு மாறும். சோறு வலது கையால் தின்கிறார், அது போதும். கீறுவது எந்தக் கையால் என்றால் எனக்கென்ன? ஆனாலும் மனிதர் வெட்கப்படக் கூடாதே என்று, முன்னறைக்குப் போகுமுன் நன்றாக இருமிவிட்டுத்தான் போவேன்.

ஒரு நாள் முதலாளி இரண்டு பலகைகளோடு வந்தார். அவர் தம்பி டுபாயிலிருந்து கொண்டு வந்தது. பலகையில் பேனையால் கீறினால் கம்ப்யூட்டரில் படம் விழுமாம். ஒன்று பெரியது, பேனையை வயரால் பலகையோடு கட்டியிருந்தது. மற்றது பள்ளிக்கூடக் கொப்பி அளவு, பேனைக்கு வயர் இல்லை.

"ரெண்டுல ஒண்ட எடுங்க தம்பி," என்றார் முதலாளி. "மத்தது கொழும்புக்குப் போகுது. கைக்குச் சரிவராட்டி இப்பவே சொல்லுங்க. படம் கீற கொழும்பால ஆள் எடுக்கத்தான் வேணும்."

நானும் மகளும் தேத்தண்ணித் தட்டோடு வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றோம். கோப்பைச் சத்தம் கேட்டதும் மருமகன் பேனையை வலது கைக்கு மாற்றினார். பெரிய பலகையில் கீறினார், சின்னதிலும் கீறினார். காய்ச்சல்காரன் கீறியது போல வந்தது.

"என்ன தம்பி, இது பூவா பூரானா? மௌஸாலயே இதவிட வடிவாக் கீறினீங்களே!"

"ரெண்டும் எனக்குச் சரிவராது போல, முதலாளி." குரல் இறங்கிவிட்டது.

நான் மகளை இடித்தேன். "போய்க் கைய மாத்தச் சொல்லு புள்ள."

"எனக்கு ஏலா உம்மா. மறைச்சு வெச்சத நான் சொல்லிக் குடுத்துட்டன் எண்டு கோவிப்பாரு."

முதலாளி பலகையைப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார். கொழும்பிலிருந்து ஆள் வந்தால் இவருக்கு என்ன வேலை மிஞ்சும்? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரையை விலக்கினேன்.

"மருமகன், இருமி இருமி எனக்குத் தொண்ட நொந்து போச்சு. மத்தக் கையால கீறுங்க."

முதலாளி சத்தம் போட்டுச் சிரித்தார். மருமகனுக்குக் காது சிவந்தது. ஆனால் பேனை இடது கைக்குப் போனது. பெரிய பலகையில் கொடி ஓடியது. வயர் வலது பக்கத்தில் இருந்து வந்ததால், கீறக் கீற அது குறுக்கே கிடந்து இழுபட்டது. சின்னதை எடுத்தார். கொடி படர்ந்து மொட்டு விட்டது. கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சின்னத வெச்சு கடைப் போர்ட் எல்லாம் கீற ஏலுமா தம்பி? பெரிசுதானே எடுப்பு," என்றார் முதலாளி.

"இதுல சின்னதாக் கீறி, கம்ப்யூட்டர்ல பெரிசாக்கலாம்." சொல்லிவிட்டு மருமகன் திரும்பினார். மகளைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி, "மாமி, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

என் வீட்டில் என்னைக் கேட்டால் நான் சொல்லாமல் இருப்பேனா?

"பெரிசு முதலாளிக்குப் பிடிச்சிரிக்கி. சின்னது உங்கட கைக்குப் பிடிச்சிரிக்கி. கீறப் போறது நீங்கதானே மகன்."

முதலாளி பெரியதைப் பெட்டியில் போட்டு மூடினார். தேத்தண்ணி ஆறுகிறது என்று மகள் பின்னாலிருந்து என் சீலையை இழுத்தாள். தட்டை அவள் கையிலிருந்து வாங்கி, நானே முன்னறைக்குக் கொண்டுபோய் வைத்தேன்.