முகர்ந்து பார்த்துச் சமைத்தவள்

அந்த வீட்டில் குப்பைத்தொட்டிக்கு அதிகம் வேலை இருந்ததில்லை. வெங்காயத்தோலும் முட்டை ஓடும் தவிர வேறொன்றும் அதில் விழாமல் பார்த்துக்கொண்டாள் அவள். வேலை பார்த்தது ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், செக்கிங் மேசையில். தைத்து முடித்த சட்டைகள் முன்னால் வந்து குவியும். பிசிறு நூலைக் கத்தரித்து, பட்டனை ஒருமுறை இழுத்துப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். பத்தொன்பது வருஷம் அதே மேசை. சாயங்காலம் மூன்று மாடி ஏறி வீட்டுக்கு வந்ததும், கைப்பையைக்கூடக் கழற்றாமல் ஃபிரிட்ஜைத் திறந்து அதன்முன் நிற்பாள். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கணவரின் அக்கா குரல் கொடுப்பார்.

"என்னடி மிச்சக்காரி, இன்னைக்கு எதுக்கு உயிர் குடுக்கப் போற?"

"நேத்து சோறு இருக்கு அண்ணி. நாலு உருளைக்கிழங்கு கிடக்கு. போதும்."

போதும் என்றால் போதும்தான். கிழங்கை வேகவைத்துப் பழைய சோற்றோடு பிசைவாள். மிளகுத்தூள், நறுக்கிய வெங்காயம், ஒரு முட்டை. வடையளவுக்குத் தட்டிக் கல்லில் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுப்பாள். காய்ந்துபோன ரொட்டியைப் பாலில் நனைத்துச் சர்க்கரை தூவி வாட்டுவாள். முந்தாநாள் பருப்பில் ஒரு கைப்பிடி மாவைக் கொட்டிப் பிசைந்தால், அதுவே காலைக்கு ரொட்டியாகிவிடும். அண்ணிக்கு ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை வியாதி, கொஞ்சம் முழங்கால் வலி, நிறைய வாய். கல்யாணமே செய்துகொள்ளாமல் தம்பி வீட்டோடு இருந்துவிட்டவர். "இவ சமையலை எந்தக் கணக்குல சேக்கறதுன்னே தெரியல. ஆனா தட்டு மட்டும் காலியாயிடுது" என்பார். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் பேசுவது குறைவு. இன்னொரு கரண்டி கேட்பதுதான் அவருடைய பாராட்டு.

இது எல்லாவற்றுக்கும் அவளுடைய கருவி மூக்குதான். பாத்திரத்தின் மூடியைத் திறந்து குனிவாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு. "இதுக்கு இன்னும் ஒரு நாள் ஆயுசு இருக்கு" என்பாள். அல்லது, "இது முடிஞ்சுபோச்சு" என்பாள். ஒருதடவைகூடத் தப்பியதில்லை. மகள் கல்லூரித் தோழிகளிடம், "எங்க வீட்டுல ஃபிரிட்ஜுக்கு மேல ஒரு நீதிபதி இருக்காங்க" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருஷம் கோடைக்கு முன்னால் தொழிற்சாலையில் ஒரு காய்ச்சல் புகுந்தது. தையல் வரிசையில் பாதி மெஷின்கள் ஆளில்லாமல் நின்றன. அவளும் ஒன்பது நாள் படுத்துக் கிடந்தாள். எழுந்த அன்று காபி போட்டுக் குடித்தபோது, வெந்நீரைக் குடிப்பது போலிருந்தது. நாக்குக் கசப்பு, போய்விடும் என்று நினைத்தாள். இரண்டாவது வாரம் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து கருகியது. உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த மகள், "அம்மா, வாசனை வரலையா உனக்கு?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏதோ யோசனையா இருந்துட்டேன்" என்றாள்.

தொழிற்சாலை மருத்துவரிடம் மட்டும் சொன்னாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நிறைய பேருக்கு இப்படி ஆகியிருக்கும்மா. போகப் போக வந்துடும்" என்றார். போகப் போக என்றால் எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை. வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு எத்தனையோ முறை தன்னையே கேட்டுப் பார்த்தாள். சிரிப்பார்களே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது. இத்தனை நாள் சொல்லாததை இனி எப்படிச் சொல்வது என்றாகிவிட்டது. உப்பைக் கரண்டியால் அளந்து போட்டாள். எதுவும் இரண்டு நாளைக்கு மேல் தாண்டாதபடி விரல்விட்டு எண்ணிக்கொண்டாள். பழக்கத்தில் மூடியைத் திறந்து குனிவதை மட்டும் விடவில்லை. குனிவாள், ஒன்றும் இருக்காது. நிமிர்ந்து, "இருக்கட்டும்" என்பாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று மாதம் அப்படி ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சமைத்த கோழியில் கொஞ்சமும், திங்கட்கிழமை சோறும் ஃபிரிட்ஜில் இருந்தன. வேலை முடிந்து அவள் உள்ளே நுழைந்தபோது அண்ணி தினசரித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

"காலையில நீங்கல்லாம் போனதும் கரண்ட் போச்சு. நாலு மணிக்குத்தான் வந்துச்சு. வெந்து போயிட்டேன்டி. அந்தக் கோழியைக் கொஞ்சம் மோந்து பாத்துக்கோ."

பாத்திரத்தை எடுத்தாள். தொட்டால் சில்லென்றிருந்தது. மூடியைத் திறந்தாள், குனிந்தாள். சுவரை முகர்ந்த மாதிரி இருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி. நல்லாத்தான் இருக்கு."

தக்காளியை வதக்கி, கோழியைப் பிய்த்துப் போட்டு, சோற்றைக் கொட்டிக் கிளறினாள். கணவருக்கு அன்று ஏதோ கட்டிடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதால் வேலை இழுத்துவிட்டது. மகள் தோழி வீட்டில் சாப்பிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். அண்ணியும் அவளும் மட்டும் உட்கார்ந்தார்கள். இரண்டாவது வாயில் அண்ணி நிறுத்தினார்.

"என்னடி, புளிப்பா இருக்கு?"

தனக்கு ஒரு ருசியும் தெரியவில்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான்.

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன்."

"அதான பாத்தேன். பரவால்ல, நாக்குக்கு நல்லாருக்கு" என்று அண்ணி இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

விடியும்போது இரண்டு பேருக்குமே வயிறு பிடித்துக்கொண்டது. அவள் நாலு தரம் வாந்தி எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அண்ணியால் உட்காரவே முடியவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது கண்கள் உள்ளே போயிருந்தன. சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பில் தண்ணீரே இல்லை, சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனம் என்றார்கள். இரண்டாம் நாள் கொஞ்சம் தெளிந்து பேசினார்.

"நீ எப்படி இருக்க?"

"எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி."

"கோழியாதான் இருக்கும். அந்தக் கரண்ட் பண்ண வேலை. நீயும்தான் மோந்து பாத்த, பாவம், உன் மூக்கையே ஏமாத்திடுச்சு பாரு" என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அவள் வாயைத் திறந்தாள். நர்ஸ் வந்து, "அவங்களைப் பேச வைக்காதீங்கம்மா" என்றாள். அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்று இரவே அண்ணிக்கு நினைவு தப்பியது; பிறகு திரும்பவே இல்லை. நாலாம் நாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் சர்க்கரையையே திட்டினார்கள். "அவங்க உடம்பு அப்படி, நீ என்ன பண்ணுவ" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலை அவளால் பத்து நாளுக்குமேல் தாங்க முடியவில்லை. ஒரு சாயங்காலம், கணவர் ஸ்பானர்களை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்கு மூக்கு செத்துப்போய் மூணு மாசத்துக்கு மேல ஆச்சுங்க. அன்னைக்கு மோந்து பாத்தப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல. புளிக்குதுன்னு அண்ணி கேட்டப்ப எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன்னு பொய் சொன்னேன்."

அவர் கையிலிருந்த ஸ்பானரைப் பெட்டிக்குள் வைத்தார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. மகளிடம் அவரே சொல்லியிருக்க வேண்டும்; மறுநாள் மகள் அவள் முகத்தைப் பார்க்காமல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள்.

யாரும் அவளைச் சமையலறையை விட்டுப் போகச் சொல்லவில்லை. மகள்தான் காலையில் முன்னதாக எழுந்து அரிசியைக் களைந்து வைத்துவிடுவாள். மிஞ்சியதை அப்படியே குப்பைத்தொட்டியில் கவிழ்ப்பாள். கரண்டி பாத்திரத்தை வழிக்கும் சத்தம் கூடம்வரை கேட்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு வருஷம் ஆனபின் சொன்னார்: "இனிமே வர்றதுக்கு வாய்ப்பு கம்மிதாம்மா. கேஸ் கசிஞ்சா சத்தம் போடற கருவி ஒண்ணு வாங்கி மாட்டிக்கோங்க."

மாட்டிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு அவள் தானே கடைக்குப் போனாள். புது அரிசி, இன்னும் மண்கூட உதிராத உருளைக்கிழங்கு, அன்று காலை வந்த முட்டை என்று வாங்கிவந்தாள். வீட்டில் இருந்த எதையும் தொடவில்லை. சோறு வடித்து, கிழங்கை வதக்கி, முட்டையைப் பொரித்து மேசையில் வைத்துக் கூப்பிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் கையால்.

கணவர் உட்கார்ந்தார். தட்டில் ஆவி பறந்தது. அவர் கையை வைக்கும் முன் கொஞ்சம் குனிந்தார். கண்களை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தார். நிமிர்ந்தபோது அவள் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு தொண்டையைச் செருமினார்.

"இப்ப வடிச்சதுதாங்க" என்றாள்.

"தெரியும் தெரியும்" என்று அவசரமாகச் சாப்பிட ஆரம்பித்தார். பெரிய பெரிய கவளமாக, மெல்லாமல் விழுங்கினார். இன்னொரு கரண்டி கேட்கவில்லை.

மகள் முட்டையை மட்டும் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "வயிறு ஒரு மாதிரி இருக்கும்மா. அப்புறமா சாப்பிடறேன்" என்று எழுந்துபோனாள். அப்புறம் வரவில்லை.

மகளின் தட்டை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உப்பு சரியாக இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அதையும் சாப்பிட்டாள். கணவர் கை கழுவிவிட்டு வந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு லிஃப்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எந்த லிஃப்டும் கிடையாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.