அத்தை போட்ட பென்சில் கோடு

அத்தை நல்ல உயரம். நின்ற இடத்திலிருந்தே பரணில் கிடக்கும் அண்டாவை இறக்கிவிடுவார். அப்பாவுக்கு அக்கா. திருச்சியில் சொந்தமாக வீடு கட்டி முடித்தவர் என்பதால், ஹைதராபாத்தில் குஷாய்குடா பக்கம் நாங்கள் வீடு கட்டியபோது மரவேலையை மேற்பார்வை பார்க்க அப்பா அவரைத்தான் வரவழைத்தார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட். அம்மா இருக்கிறாளே என்று யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கே தோன்றவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அம்மா குள்ளம். குவார்ட்டர்ஸ் சமையலறையில் கடுகு டப்பாவை எடுக்கக்கூட பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுத்தான் ஏறுவாள். ஒருமுறை ஸ்டூல் வழுக்கி, விழுந்து, கால் பூரியாக உப்பிவிட்டது. அந்தக் காலோடு நின்றே எங்களுக்கு தோசை வார்த்துப் போட்டாள். புது வீட்டில் பூஜை அறை எப்படி, ஷோகேஸ் எப்படி என்று அவள் எதையும் கேட்கவில்லை. ஸ்டூல் இல்லாத சமையலறை ஒன்று போதும், அவ்வளவுதான்.

அத்தைக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. தச்சு மிஸ்திரியோ உள்ளூர்க்காரர், அவர் பேசுவது ஹைதராபாத்துக்கே உரிய தக்கனி இந்தி. நடுவில் நாலாங்கிளாஸ் படிக்கும் நான். பள்ளிக்கூடத்தின் புண்ணியத்தில் என் தமிழைவிட என் இந்தி நன்றாக இருந்தது. அத்தை தமிழில் அதட்டுவார், நான் அதையே இந்தியில் அதட்டுவேன். ஒரு பெரிய மனிதரை அதட்ட இப்படி லைசென்ஸ் கிடைத்தால் எந்தப் பெண் விடுவாள்? கதவுச் சட்டத்தைச் சுற்றி அடிக்கும் பீடிங் பட்டை மூலையில் சேராமல் இளித்துக்கொண்டு நின்றால் முதலில் பார்ப்பது நான்தான். "ஹவ் அம்மா, ஹவ்" என்று ஆமாம் போட்டுக்கொண்டே மிஸ்திரி அலுக்காமல் பிடுங்கி மறுபடி அடிப்பார்.

சமையலறை அலமாரி மாட்டும் நாள் வந்தது. அத்தை சுவரோரம் நின்று கையைத் தூக்கினார். விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"மேல் தட்டு இங்க வரணும். எனக்கு எட்டினா எல்லாருக்கும் எட்டும்."

எனக்குத் திக்கென்றது. அம்மாவைப் பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரருகே போய், தானும் கையைத் தூக்கினாள். அத்தையின் கோட்டுக்கு ஒரு சாண் கீழே விரல்கள் நின்றன.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ மிஸ்திரிகிட்ட சொல்லிடு பாப்பா" என்றாள். கையை மட்டும் இறக்கவில்லை.

எனக்கு அந்த ஸ்டூல் ஞாபகம் வந்தது. உப்பிய கால் ஞாபகம் வந்தது. வந்தது கோபம்.

"ஊப்பர் நக்கோ பாயி" என்றேன், அத்தையின் அதே அதட்டலில். மேலே வேண்டாம், அம்மாவின் கை இருக்கும் இடத்திலேயே மாட்டுங்கள் என்று கடகடவென்று இந்தியில் சொல்லி முடித்தேன்.

"கைக்கு?" ஏன் என்று கேட்டுவிட்டு மிஸ்திரி அத்தையைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"கோடு நேரா இருக்கான்னு கேக்கறாரு அத்தை."

"நேராத்தான் இருக்கு. வேலையைப் பாக்கச் சொல்லு." அத்தை ஹாலில் பீடிங் எப்படி வருகிறதென்று பார்க்கப் போய்விட்டார். மிஸ்திரி என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அம்மாவின் விரல் நுனியில் ஒரு கோடு இழுத்தார். அதற்கப்புறம்தான் அம்மா கையை இறக்கினாள்.

அலமாரி மாட்டி, கைப்பிடி போட்டு, சுற்றிலும் பீடிங்கும் அடித்த பிறகுதான் அத்தை உள்ளே வந்தார். வந்த வேகத்தில் நெற்றியில் 'ணங்'கென்று ஓர் இடி.

"இந்த ஊர் ஆளுங்களுக்கு அளவெடுக்கவே தெரியலையே!"

"ஹவ் அம்மா, ஹவ்" என்றார் மிஸ்திரி, முகத்தை இஸ்திரி போட்டதுபோல் வைத்துக்கொண்டு.

"இனிமே கழட்டினா பீடிங்கெல்லாம் பிஞ்சு போயிரும். விடுங்கக்கா, நான் எப்படியாவது சமாளிச்சுக்கிறேன்" என்று அம்மா பெருமூச்சு விட்டாள். அத்தை நெற்றியைத் தேய்த்தபடி அவளை மெச்சினார். பொறுமைசாலியாம்.

பால் காய்ச்சிய அன்று, சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா தரையில் நின்றபடியே மேல் தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்தாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. பிளாஸ்டிக் ஸ்டூல் மொட்டைமாடிக்குப் போனது, பிறகு இறங்கவே இல்லை. இன்று நான் அத்தை உயரம். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த அலமாரியில் இடித்துக்கொள்கிறேன். "பாத்து வரக்கூடாதா" என்பாள் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

அலமாரி மாட்டிய அன்று எனக்கிருந்த மிதப்பைச் சொல்லி முடியாது. மூன்று பெரியவர்களை ஏமாற்றி, அம்மாவுக்கே தெரியாமல் அம்மாவை ஜெயிக்க வைத்துவிட்டேன் அல்லவா! அந்த வாரமும் வழக்கம்போல் போவன்பள்ளி மார்க்கெட்டுக்கு அம்மாவோடு போனேன். அழுகல் தக்காளியை அடியில் தள்ளப் பார்த்த ஆளை, "சடே சோ நக்கோ டால் பாயி!" என்று தொடங்கி, அவன் அசந்து நிற்கும்படி சரளமான தக்கனியில் அம்மா பிடிபிடியென்று பிடித்தாள். ஒவ்வொரு வாரமும் கேட்பதுதான். மிஸ்திரியிடம் பேச அவளுக்கு நான் எதற்கு என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. பையை விரித்துப் பிடித்துக்கொண்டு, வெற்றிவீராங்கனையாகப் பக்கத்தில் நின்றேன்.