மூன்று முறை போயும் பார்க்காத ஊர்

தெருவில் அவளைப் பல்லக்கா என்றால்தான் தெரியும். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்துகொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றில் வேலை. அச்சில் வார்த்த பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக அவள் மேசைக்கு வரும். மெழுகை விளக்கில் காட்டி இளக்கி, அந்த வெறுந்தாடையில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேலும் கீழும் கடிக்கவைத்துப் பார்ப்பாள். நாள் முழுவதும் முகமில்லாத வாய்களோடு பழகுகிறவள் என்பதாலோ என்னவோ, ஊரில் யாருடைய வாய்க்கும் அவள் பயந்ததில்லை. வீட்டில் மட்டும் அவளுக்குப் பேச்சு கொஞ்சம் குறைவு.

ராஜாக்கள் ஆண்ட பழைய தலைநகரத்துக்கு அவள் மூன்று முறை போய்வந்தவள். கல்யாணமான புதிதில் கணவர் வீட்டாரோடு ஒரு முறை, மகள் பள்ளியில் படிக்கும்போது ஒரு முறை, மகளின் மாமியார் வீட்டோடு ஒரு முறை. மூன்று முறையும் அரண்மனை வாசலில் காவலாளி பைகளைக் காட்டி, இதெல்லாம் உள்ளே போகாது என்றார். அவளை வெளியே இருக்கும்படி யாரும் சொல்லவில்லை. பையைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார்கள், அவ்வளவுதான். தண்ணீர் பாட்டில், குழந்தையின் மாற்றுடுப்பு, சாப்பாட்டுக் கூடை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மற்றவர்கள் உள்ளே போய்த் திரும்பும்வரை அவள் மதிலோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். அந்த மதிலில் எந்த இடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாது.

இது ஒரு குறையாக அவளுக்கே நெடுங்காலம் தோன்றவில்லை. தோன்றியது பட்டறையில். பல் செட்டுகளுக்கு மெருகு போடுகிற பெரியவர், மனைவியோடு அந்த ஊருக்குப் போக நினைத்து, "கண்ணாடி மண்டபம் எப்படிம்மா? பாக்கற மாதிரி இருக்குமா?" என்று கேட்டார்.

"கேக்கணுமா? கூரை முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடி. ஒரு விளக்கு ஏத்தினா ஆயிரம் விளக்கு எரியும்." சொல்லும்போதே அவள் கை மேலே போய் விரல்கள் விரிந்தன.

"விளக்கு ஏத்திக் காட்டினாங்களா உங்களுக்கு?"

அவள் தன் கையைப் பார்த்தாள். அது அவள் கணவர் கையை விரிக்கிற விதம். சொற்களும் அவருடையவை.

"நான் பாக்கலைங்க" என்றாள்.

"மூணு தடவை போனேன்னு சொன்னீங்களே?"

"போனேன்."

தனியாகப் போய்ப் பார்த்துவருவது என்று அன்றே முடிவு செய்துவிட்டாள். ரயில் நேரம் கேட்டாள். பெண்கள் தனியாகத் தங்கக்கூடிய விடுதி ஒன்றில் அறைக்குச் சொல்லிவைத்தாள். அரண்மனை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, எப்போது திறப்பார்கள், எப்போது மூடுவார்கள் என்று விசாரித்தாள். கடைசியாக, "கையில பை இருந்தா என்ன பண்றது?" என்றாள்.

"உள்ள விட மாட்டோம்மா. வாசலுக்கு வலது பக்கம் பை வைக்கிற அறை இருக்கு. குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கலாம்."

"அது எப்பலேர்ந்து இருக்கு?"

"நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே இருந்துச்சு."

"நீங்க எப்ப சேர்ந்தீங்க?"

"எனக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட்டும்மா" என்று அந்த ஆள் சிரித்தார்.

அன்று அவள் நட்ட கடைவாய்ப்பல் ஒன்று திரும்பி நின்றது. பிடுங்கி மறுபடி நட்டாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவர் முதலில் சிரித்தார். "அரண்மனை எங்கயும் ஓடிப்போயிடலை, நீ வெச்ச இடத்துலயேதான் இருக்கும். எத்தனை தடவைதான் பாப்ப?"

மாடி வீட்டிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தாள். "ஏம்மா, பொம்பளை தனியா ஊர் சுத்தப் போனா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேருக்கும் நான்தான் பல்லு கட்டிக் குடுத்திருக்கேன், அண்ணி. நல்லா மென்னு சொல்லட்டும்."

எதிர்ப்பு அதோடு அடங்கியது. ஆனால் அதன்பின் வந்தது எதிர்ப்பைவிடப் பெரிய தொல்லையாக இருந்தது. வியாழக்கிழமை மகள் குழந்தையோடு வந்து, "அம்மா, நாங்களும் வரோம்! வேன் சொல்லியாச்சு" என்றாள். கணவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. பரண்மேல் கிடந்த பெரிய பையை இறக்கித் தூசி தட்டினார். நாத்தனார் தன் முழங்கால் தைலத்தை மறக்காமல் எடுத்துவைக்கச் சொன்னாள்.

"நீ வரேங்கிறதாலதான் நானே கிளம்பறேன். நீ இருந்தா பாப்பாவைப் பத்திக் கவலையே இல்லம்மா" என்றாள் மகள். அதில் கள்ளமில்லை. அதுதான் வினை.

கூடத்தில் பைகள் சேர்ந்துகொண்டிருந்தன. அவள் எழுந்து நின்றாள்.

"நான் உங்களோட வரலை."

"உன் பயணம்தானே இது?" என்றார் கணவர்.

"என்னோடதா இருந்துச்சு. நீங்க சொல்லுங்க, அந்த ஊர்ல நான் என்ன பார்த்திருக்கேன்?"

"ஏன், கண்ணாடி மண்டபம்..."

"அது நீங்க பார்த்தது."

நாத்தனார் தம்பியின் உதவிக்கு வந்தாள். "உன்னை வெளிய உக்காருன்னு யாராவது சொன்னாங்களா?"

"சொல்லலை அண்ணி. அதான் ஆத்திரம். சொல்லியிருந்தா, மாட்டேன்னு அப்பவே சொல்லியிருப்பேன்."

பிறகு அவள் பை வைக்கிற அறையைப் பற்றிச் சொன்னாள். நாம் முதல் முறை போனபோதே அது அங்கே இருந்தது என்றாள்.

கணவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "தெரியாதே எனக்கு. சத்தியமா தெரியாது."

"தெரியாதுன்னு தெரியும். யாரும் கேக்கலை. கேக்கவேண்டிய அவசியம் உங்களுக்கு வரலை. நான்தான் இருந்தேனே."

மகள்தான் முதலில் தெளிந்தாள். "சரிம்மா, தப்புதான். இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே. பையை அந்த ரூம்ல போட்டுட்டு எல்லாரும் சேர்ந்தே உள்ள போவோம். பிரச்சினை தீர்ந்துச்சு இல்ல?"

"உங்க பிரச்சினை தீர்ந்துச்சு."

"இதென்னம்மா பிடிவாதம்?"

"பிடிவாதம்தான். உள்ள வந்தா பாப்பா அழும், அண்ணிக்குக் கால் வலிக்கும், அப்பா வாங்க போலாம்பார். நான் ஒரு இடத்துல நின்னா, எனக்குப் போதும்னு தோணுறவரைக்கும் நிக்கணும். நீங்க வேன்ல அடுத்த வாரம் போங்க. பையைக் குடுக்கிற இடம் சொல்லிட்டேன்."

மகள் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனாள். நாத்தனார் படியேறும்போது முணுமுணுத்தது தெருவரை கேட்டது. வீட்டில் யாரும் அவளை மெச்சவில்லை. மெச்சுவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. மகளின் முகம் வாடியது மட்டும் இரவெல்லாம் உறுத்தியது. உறுத்தினால் உறுத்தட்டும் என்று புரண்டு படுத்தாள்.

சனிக்கிழமை விடியற்காலை மாற்றுப்புடவையைத் தோள்பையில் திணித்துக்கொண்டு ரயிலேறினாள். ஞாயிறு சாயங்காலம், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தாள். கணவர் கதவைத் திறந்தார். அவள் செருப்பைக் கழற்றும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"மண்டபம் எப்படி இருந்துச்சு? நான் சொன்ன மாதிரிதானே?"

"நீங்கதான் பார்த்திருக்கீங்களே."

"பார்த்திருக்கேன். நீ சொல்லேன், கேப்போம்."

"மாட்டேன்" என்று சொல்லி, முகம் கழுவ உள்ளே போனாள்.