அரைக்கட்டை குறைந்த கிடார்

ஞாயிறு காலை 5.10. கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலைப் பேருந்து புறப்பட்டது. மடியில் என் எலக்ட்ரிக் கிடார், காலடியில் அதன் ஒலியைப் பெருக்கும் பதினெட்டு கிலோ வால்வு ஆம்ப். இரண்டும் என் வயதை ஒட்டியவை, எனக்கு நாற்பத்தொன்பது. ஆம்புக்குத் தனியாக லக்கேஜ் போட்ட கண்டக்டர், "உள்ள இன்னா சார், மாவு மிஷினா?" என்றார். சிரித்துவைத்தேன்.

எட்டு மாதமாக எந்தக் குழுவும் என்னைக் கூப்பிடவில்லை. திருவண்ணாமலையில் மெல்லிசைக் குழு நடத்தும் முரளி, என்னைவிட இளையவர், போன வாரம் அழைத்தார். ஒரு காதுகுத்துக் கச்சேரி. சரியாக அமைந்தால் குழுவில் நிரந்தர இடம். "இதுவும் ஆவலைன்னா கிடாரை வித்துடுங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். அவள்மேல் கோபமில்லை, பயம்தான்.

7.00, திண்டிவனம். மற்றவர்கள் டீ குடிக்க இறங்கினார்கள். நான் உறையின் மேலேயே விரல்களை ஓட்டிப் பார்த்தேன். அடித்தந்தியை அழுத்தாமல் திறந்தே முழங்கவிட்டு, மேல்தந்திகளை வளைத்து அழவைப்பது என் சோலோ. என்னிடம் பெருமைப்பட வேறொன்றும் கிடையாது.

9.20, திருவண்ணாமலை. கச்சேரி நடக்கும் அடி அண்ணாமலைக்கு ஆட்டோ இருநூறு ரூபாய். "பௌர்ணமின்னா இந்த ரோட்ல வண்டியே வுடமாட்டாங்க சார். இன்னிக்கி காலிதான், ஏறுங்க" என்றார் ஓட்டுநர்.

11.30. ஷாமியானாவுக்குள் அனல். ஆம்ப் சூடேறியதும் அதன்முன் ஒரு மைக்கை வைத்தார் சவுண்டுக்காரர். முதல் மூன்று பாட்டுகளுக்கும் நான் நன்றாகவே வாசித்தேன்; முரளி கட்டைவிரலைக்கூட உயர்த்திக் காட்டினார்.

நான்காவது பாட்டில்தான் என் சோலோ. பாடகர் திரும்பி, "தொண்டை கட்டிக்கிச்சு, சுருதிய அரைக்கட்டை கம்மி பண்ணிக்கோங்க" என்றார். கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை அழுத்தினார், வேலை முடிந்தது. நானும் விரலிடத்தை மாற்றிக்கொண்டு வாசித்திருக்கலாம். ஆனால் திறந்த தந்தியின் முழக்கம் கைவிட்டுப் போகும். வீம்பு விடவில்லை, கிடாரையே அரைக்கட்டை இறக்க முடிவு செய்தேன்.

என் கிடாரில் தந்திகள் ஸ்பிரிங்கின் மேல் நிற்பவை. ஒன்றைத் தளர்த்தினால் மற்ற ஐந்தும் இறுகும். ஆறையும் மூன்று சுற்றாவது சரிசெய்ய வேண்டும். அப்போது தாய்மாமன் சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாக மைக்கில் அறிவிக்க ஆரம்பித்தார்கள். இருபது தட்டாவது இருக்கும் என்று நம்பி வேலையில் இறங்கினேன். ஏழு தட்டிலேயே மாமன் முடித்துவிட்டார்; எனக்கு ஒரு சுற்றுதான் முடிந்திருந்தது.

பாட்டு தொடங்கியது. சோலோவின் முதல் சுரமே கோணல். வளைத்துச் சரிக்கட்டப் பார்த்தேன், இன்னும் நாறியது. ஆனால் பெரிய ஸ்பீக்கர்களில் என் சோலோ சுத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது! திரும்பினேன். கீபோர்டுக்காரர் கிடார் ஒலியில் அதை அச்சு அசலாக வாசித்துக்கொண்டிருந்தார். சவுண்டுக்காரர் என் ஆம்பின் முன்னிருந்த மைக்கை அணைத்துவிட்டிருந்தார். என் அபஸ்வரம் ஆம்ப் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது. கையை நிறுத்தினால் குட்டு வெளிப்படும், கடைசிவரை ஆட்டினேன்.

கூட்டம் என்னைப் பார்த்துக் கைதட்டியது. காது குத்திய குழந்தையின் அம்மா வந்து, "செமயா வாசிச்சீங்கண்ணா" என்று போட்டோ எடுத்துக்கொண்டார். செத்துவிடலாம் போலிருந்தது.

2.15. சாப்பாட்டுப் பந்தியில் முரளி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க நம்ம குரூப்புதான்."

"முரளி, அந்த சோலோ நான் வாசிக்கல."

"தெரியும்ணா. வுடுங்க. நீங்க நிக்கற ஸ்டைலே போதும், ஜனங்களுக்குப் புடிச்சிருக்கு. அந்த ஆம்ப மட்டும் இனிமே தூக்கினு வராதீங்க."

எனக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று துரத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து போயிருக்க வேண்டும். "சரி" என்றேன்.

4.40. பேருந்து செஞ்சியைத் தாண்டும்போது மனைவி போன் செய்தாள்.

"கைதட்டினாங்களா?"

"தட்டினாங்க."

"இடம்?"

"கிடைச்சிடுச்சு."

அந்தப் பக்கம் அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. நானும் சந்தோஷத்தில்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.